எலிக்கு வைத்த மெழுகு

கோமதிநாயகச் சாமியின் மடத்தில் காலையில் கொஞ்ச நேரம் தியானம் நடக்கும். மற்ற நேரமெல்லாம் ஃபைபர் வேலைதான். சுற்றுவட்டாரக் கோயில்களுக்குக் குதிரை, யானை, அன்னம் என்று கனமில்லாத வாகனங்கள் அங்கிருந்துதான் போகும். மடம் என்றால் உண்டியல் இருக்க வேண்டாமா என்று கேட்டவர்களிடம் சாமி சொன்னது இது: "உண்டியல் வச்சா, வாரவுக கவலையையும் சேத்துப் போட்டுட்டுப் போயிருவாக. குதிரை வாங்க வாரவுக குதிரைய மட்டும்தான் கேப்பாக."

சொர்ணலிங்கம் அந்த மடத்துக்குப் புதுச் சீடர். குருவைவிட நிறைய வயது மூத்தவர். அதனால் அவர் குருவைச் சாமி என்பார், குரு அவரை அண்ணாச்சி என்பார். இரண்டு பேருக்கும் அதில் வருத்தமில்லை.

மடத்துக்கு வருமுன் அண்ணாச்சி தென்காசியில் அரிசி மண்டி வைத்திருந்தார். அரிசி மண்டிக்காரரின் பிழைப்பு பாதி வியாபாரம், பாதி எலிப்பொந்து அடைப்பது. ஓட்டையைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. கோயிலில் கும்பிடும்போதுகூடக் கண் சுவரோரத்தில்தான் இருக்கும்.

மடத்துக்கு வந்ததும், எதிர்க்கடை உளுந்த வடை வாசம் வருகிறதென்று அறை ஜன்னலின் இடுக்கையெல்லாம் அடைத்தார். ஊர் ஒலிபெருக்கி கேட்கக் கூடாதென்று காதில் பஞ்சு வைத்தார். செல்போனை அணைத்து அரிசிப் பானைக்குள் புதைத்தார். அதனால் அவர் மனைவி செல்லக்கனி தினமும் சாமியின் போனுக்குத்தான் கூப்பிடுவார்.

"அவுக சாப்ட்டாகளா சாமி?"

"சாப்ட்டாரும்மா. மறுசோறும் வாங்கினாரு."

"என்னப் பத்தி ஏதும் கேட்டாகளா?"

சாமி பொய் சொல்ல மாட்டார். "கேக்கலம்மா. சாம்பார்தான் வீட்டுச் சாம்பார் மாதிரி இல்லன்னாரு."

மறுநாளும் அதே நேரத்துக்கு போன் வரும்.

ஒருநாள் அண்ணாச்சி சாமியிடம் வந்தார். "சாமி, வெளியில எல்லாத்தையும் அடச்சாச்சு. ஆனாலும் வீட்டு நெனப்பு மனசுக்குள்ள பூந்துருது. அத எத வச்சு அடைக்க?"

சாமி அவரைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். அங்கே குதிரை அச்சு இரண்டு பாதியாகக் கிடந்தது, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. வயிற்றுப் பக்கம் மட்டும் கைவிட்டு வேலை பார்க்கத் திறந்திருக்கும்.

"ரெண்டையும் சேத்து போல்ட்டு முடுக்கணும் அண்ணாச்சி. சேருத எடத்துல இடுக்கு இருக்கும்லா, அதுல மெழுகு வச்சு அடைக்கணும். இல்லன்னா ரெசின் பசை உள்ள எறங்கிக் குதிரையும் அச்சும் ஒட்டிக்கிடும். எந்த மெழுகுன்னு நீங்களே பாத்து எடுங்க."

அடைக்கிற வேலை என்றதும் அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எது சாமி நல்ல மெழுகு?"

"அடைக்கிறதுக்கு மட்டும் பாக்காதீங்க."

"வேற எதுக்குப் பாக்க?"

"எடுக்கிறதுக்கு."

காதில் பஞ்சு இருந்ததால், சாமி போய்க்கொண்டே சொன்ன அந்தக் கடைசிச் சொல் அவருக்கு விழவில்லை. விழுந்ததுபோலத் தலையாட்டினார்.

அலமாரியில் மெழுகுவர்த்தி இருந்தது. இடுக்கில் வைத்து அழுத்தினார், பொரபொரவென்று உதிர்ந்தது. தேன்மெழுகு இருந்தது. விரல் சூட்டுக்கே இளகி, சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தது. அது அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் இளகுகிறவனை நம்பி ஒரு பொந்தைக்கூட ஒப்படைக்க முடியாது என்பது அவருடைய மண்டி அனுபவம்.

கடைசியில் தன் பழைய பக்குவத்தையே கையில் எடுத்தார். மெழுகுவர்த்தியை உருக்கி, குங்கிலியத்தைப் பொடித்துக் கொட்டி, கொதிக்கவிட்டு இறக்கினார். ஆறினால் கல்லு மாதிரி நிற்கும். மண்டி எலிகள் ஒரு தடவை கடித்துப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குக் குடிபோன கலவை அது.

சூட்டோடு சூடாக இடுக்கெல்லாம் அடைத்தார். பிறகு டார்ச் அடித்து அச்சுக்குள்ளே பார்த்தார். குதிரையின் பின்பக்கத்தில், வாலுக்குக் கீழே, சின்னதாக ஒரு துவாரம். பென்சில் நுழையும்.

பாவம் சாமி, இத்தனை வருஷம் இதைக் கவனிக்காமலே இருந்திருக்கிறாரே என்று அண்ணாச்சிக்குக் குருவின்மேல் இரக்கமே வந்துவிட்டது. அந்தத் துவாரத்தைக் கெட்டியாக அடைத்து, மேலே இன்னொரு பூச்சும் பூசி, கட்டைவிரலால் வழித்துவிட்டார்.

ரெசின் பூசி, ஃபைபர் ஒட்டி, குதிரை காய்ந்தது. திருவிழா அன்று காலையில் அதைக் கொண்டுபோக அயனிக்குளத்து ஐயனார் கோயில்காரர்கள் லாரியோடும் மேளத்தோடும் வந்து இறங்கினார்கள்.

சாமி போல்ட்டுகளைக் கழற்றினார். அச்சு பிரியவில்லை. மரச் சுத்தியலால் தட்டினார். அசையவில்லை. பின்பக்கம் போய்த் தடவிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இங்கன காத்தடிச்சு அச்சப் பிரிக்க ஒரு ஓட்டை இருந்துச்சே."

"அடச்சுட்டேன் சாமி." குரலில் பெருமை இருந்தது.

"எத வச்சு?"

அண்ணாச்சி பக்குவத்தைச் சொன்னார். குங்கிலியம் எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்பதையும் சொன்னார். சாமி கண்ணை மூடிக்கொண்டார். பிரார்த்தனை செய்கிறார் என்று நினைத்துக் கோயில்காரர்கள் செருப்பைக் கழற்றினார்கள்.

"என்ன சாமி, வரலியா?" என்றார் தர்மகர்த்தா ஆவுடையப்பன். "சாயங்காலம் ஐயனார் பொறப்பாடு. குதிரை இல்லாம அவரு நடந்தா போவாரு? பேசாம அச்ச ஒடச்சு எடுத்துருங்க."

மடத்தில் இருந்த குதிரை அச்சு அது ஒன்றுதான். வருகிற கோயில்களில் முக்கால்வாசி குதிரைதான் கேட்கும். அச்சை உடைத்தால் மடத்து அடுப்பும் அணைந்துவிடும். இது அண்ணாச்சிக்கும் தெரியும்.

"நான் மண்டிக்கே போயிருதேன் சாமி. நான் தொட்டது வெளங்காது."

"போகலாம். மொதல்ல அடுப்புல வெந்நி போடுங்க."

அண்டா அண்டாவாக வெந்நீர் வந்தது. சாமி அதை இடுக்கின்மேல் நிதானமாக ஊற்றிக்கொண்டே இருந்தார். குங்கிலிய மெழுகு இறங்கி வருவதற்குள் மேளக்காரர்கள் ஒரு தூக்கம் போட்டு எழுந்தார்கள். பிறகு கம்பியைக் காய்ச்சி, வாலுக்குக் கீழே விட்டுக் குடைந்தார். துவாரம் திறந்தது. சைக்கிள் பம்பின் குழாயை அதில் செருகி, கைப்பிடியை அண்ணாச்சியிடம் கொடுத்தார்.

"அடிங்க."

அண்ணாச்சி அடித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடித்தார். மூச்சு வாங்கியது. ஐயனாரே, ஐயனாரே என்று வாய் முணுமுணுத்தது.

அப்போது குதிரையின் பின்பக்கத்திலிருந்து நீளமாக ஒரு சத்தம் வந்தது. பஞ்சையும் மீறி அது அண்ணாச்சி காதில் விழுந்தது. மேளக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தவில்காரர் சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

அச்சு ஒரு பக்கமாகச் சாய்ந்து தானாகவே விலகியது. உள்ளே குதிரை ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று நின்றது.

"பேதி போன மாதிரில்லா வந்துட்டு" என்றார் ஆவுடையப்பன். அதற்குமேல் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணாச்சிதான் பம்பைப் பிடித்துக்கொண்டே அழுதார். குதிரை லாரி ஏறியது. மேளச் சத்தம் ரோடு திரும்பும்வரை கேட்டது.

கொட்டகை அடங்கிய பிறகு சாமி அச்சைச் சுரண்டிச் சுத்தம் பண்ணினார். ஒரு துளி தேன்மெழுகை எடுத்து விரலில் உருட்டி, அந்தத் துவாரத்தில் வைத்தார். மறுபக்கம் வாயை வைத்து ஊதினார். மெழுகு பொட்டென்று கழன்று அண்ணாச்சியின் மடியில் விழுந்தது.

அண்ணாச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"எல்லாம் சரி சாமி. நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலியே. மனச எந்த மெழுகு வச்சு அடைக்க?"

சாமியின் போன் அடித்தது. செல்லக்கனிதான். சாமி எட்டி, சீடரின் காதிலிருந்து பஞ்சை எடுத்துப் போட்டார். அடிக்கிற போனை ஒரு கையிலும் சைக்கிள் பம்பை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு சொன்னார்:

"எத வச்சு வேணா அடைங்க அண்ணாச்சி. ஆனா ஒருநாள் உங்களயும் வெளிய எடுக்கணும்லா. அன்னைக்கு நான் பம்ப எங்கன வைக்க?"