கிளிஞ்சலை வெறுத்த கோழிகள்

காட்டோரக் குளம் ஒன்றின் கரையில் இலந்தைப் புதர் ஒன்று அடர்ந்து நின்றது. அதனுள் பன்னிரண்டு கோழிகள் வாழ்ந்தன. புதரின் வாயிலில் ஒரு கீரி காவல் இருந்தது. அதனால் பாம்பும் நரியும் அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. காவலுக்கு ஈடாகக் கோழிகள் நாள்தோறும் கீரிக்கு நான்கு முட்டைகள் கொடுத்தன. கீரி அவற்றை ஒவ்வொன்றாக மார்போடு அணைத்துக்கொண்டு, மேட்டின் மறுபுறம் இருந்த வளைக்குச் சென்று தன் குட்டிகளுக்கு ஊட்டியது.

விடிந்தால் கோழிகள் கரையெங்கும் மேயும். புல்லரிசி, கரையான், பசுங்கீரை, குளத்துநீர் ஒதுக்கிய கிளிஞ்சல் சில்லு என்று கண்டதையெல்லாம் பொழுது சாயும்வரை கொத்தும். அவற்றுக்குத் தலைவி கருங்கொண்டை என்னும் பெரிய கோழி. தவிட்டு நிறத்துச் சிறு கோழி ஒன்றும் அங்கே இருந்தது. அதைத் தவிட்டி என்று அழைத்தன. பன்னிரண்டிலும் ஒரு நாளும் தவறாமல் முட்டையிட்டது அது ஒன்றுதான்.

ஒருநாள் நரி ஒன்று குளத்தின் எதிர்க்கரையில் ஒரு மூட்டையை இறக்கியது.

"அம்மணிகளே! நாள் முழுதும் மண்ணைக் கிளறுகிறீர்களே, பார்க்கவே மனம் பொறுக்கவில்லை! மக்காச்சோளம் கொண்டுவந்திருக்கிறேன். எண்ணெய் கசியும் கொப்பரையும் இருக்கிறது. நான்கு கொத்து கொத்தினால் போதும், பசி பறந்துவிடும்!"

"உனக்கு ஏன் இந்தத் திடீர்ப் பாசம்?" என்று கேட்டது கருங்கொண்டை.

"நல்லது செய்தாலும் காரணம் கேட்கிறீர்களே! வேண்டாமென்றால் எடுத்துக்கொண்டு போகிறேன்!"

கீரி சென்று மூட்டையை மோந்து பார்த்தது. "நஞ்சு இல்லை. தானியம் நல்ல தானியம்தான். தின்னலாம்," என்றது.

அது உண்மையே. தானியத்தில் குற்றம் எதுவும் இல்லை. கோழிகள் கொழுக்கட்டும், கீரி அயரும் நாள் ஒன்று வரட்டும் என்பதே நரியின் கணக்கு.

அன்றுமுதல் நரி நாள்தோறும் மூட்டை கொண்டுவந்தது. கோழிகள் காலையில் சிறிது நேரம் கொத்தின. பசி அடங்கியது. பிறகு நிழலில் படுத்துக் கதை பேசின. கரையான் புற்றை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. புதரின் ஓரத்தில் குவிந்து கிடந்த கிளிஞ்சல் சில்லுகளைக் கருங்கொண்டை ஒருநாள் கால்களால் வாரிக் குளத்தில் தள்ளியது.

"பெரியக்கா! அதை ஏன் தள்ளுகிறீர்கள்?" என்று பதறியது தவிட்டி.

"பஞ்சத்தில் வந்த பழக்கமடி இது! சோளம் தின்கிற வாயால் கிளிஞ்சலையும் கடிப்பார்களா? யாராவது பார்த்தால் சிரிப்பார்கள்!"

மற்றக் கோழிகள் "ஆமாம்! ஆமாம்!" என்று கொக்கரித்தன.

சில வாரங்கள் சென்றன. கோழிகளின் உடல் பளபளத்தது. முட்டைகளும் வந்தன. ஆனால் கீரி அணைத்தவுடனே முட்டை நொறுங்கியது. மெல்லத் தூக்கினாலும் நொறுங்கியது. வளைக்குப் போய்ச் சேரும்போது கீரியின் மார்பில் பிசுபிசுப்பு மட்டுமே மிஞ்சியது.

மூன்று நாள் இப்படியே கழிந்தபின், நான்காம் நாள் கீரி கருங்கொண்டையின் முன் வந்து நின்றது.

"கொண்டையக்கா, எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. ஆனால் குட்டிகள் என் மார்பை நக்கிவிட்டுப் பசியோடு தூங்குகின்றன. அவற்றை அழைத்துக்கொண்டு ஆற்றுக்கு அப்பால் போகலாம் என்று நினைக்கிறேன். இன்னும் பத்து நாள் பார்க்கிறேன். அதற்குள் ஒரு முழு முட்டையாவது வளைக்குப் போய்ச் சேர வேண்டும்."

"நீங்கள் போய்விட்டால் எங்கள் கதி என்ன அண்ணா?"

எதிர்க்கரையில் நரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "போகிறவரை ஏன் தடுக்கிறீர்கள்? காவலுக்கு நான் வருகிறேன்! முட்டைகூட வேண்டாம்!" என்று அங்கிருந்தே கூவியது.

"உன்னைக் காவலுக்கு வைப்பதைவிடப் பாம்பையே கூப்பிடலாம்!" என்று கீரி திருப்பிக் கொடுத்தது.

கோழிகள் கூடி ஆலோசித்தன. "முட்டையில் வலு இல்லை. அப்படியென்றால் தீனியில் வலு போதவில்லை," என்று தீர்ப்புச் சொன்னது கருங்கொண்டை. "சோளத்தைக் குறைத்து, கொப்பரையைக் கூட்டுவோம்!"

கூட்டின. இன்னும் விரைவாகப் பசி அடங்கியது. முட்டையின் ஓடு இன்னும் மெலிந்தது. சில முட்டைகள் ஓடே இல்லாமல் வெறும் தோலோடு வந்து விழுந்தன.

கீரி கெடு வைத்த மூன்றாம் நாள் காலையில் தவிட்டி எழ முயன்றது. கால்கள் மடங்கின. மீண்டும் முயன்றது. சிறகை ஊன்றியபடி சாய்ந்து விழுந்தது.

"அக்கா, என் காலைக் காணோமே! இருக்கிறது, ஆனால் எனக்குச் சொந்தமில்லாதது போல் கிடக்கிறது," என்றது.

அதன் வயிற்றின் கீழ் அப்போதும் ஒரு தோல்முட்டை கிடந்தது.

கருங்கொண்டை ஓடிவந்து தவிட்டியை அலகால் நிமிர்த்தப் பார்த்தது. அப்போது இலந்தை வேரருகே ஒரு சிறு குரல் கேட்டது.

"எனக்குக் காரணம் தெரியும். சொன்னால் என்னைக் கொத்த மாட்டீர்களே?"

பேசியது ஒரு நத்தை.

"காலைச் சிற்றுண்டி தானாகவே பேசுகிறதே!" என்று ஒரு கோழி சிரித்தது.

"இதற்குத்தான் முதலிலேயே கேட்டேன்!" என்று நத்தை தலையை உள்ளிழுத்துக்கொண்டது.

கருங்கொண்டை மற்றவற்றை விலக்கி முன்னே வந்தது. "உன்னைத் தொட மாட்டோம். இவள் பிழைப்பாள் என்றால் உன் இனத்தையே தொட மாட்டோம். சொல்."

நத்தையின் கொம்புகள் மெல்ல வெளியே நீண்டன. "உங்கள் புதரைத் தாண்ட எனக்கு ஒரு பகல் பிடிக்கும். வேறு வேலை இல்லாததால் போகும்போதெல்லாம் உங்கள் கொத்துகளை எண்ணுவேன். முன்பு நிழல் ஓர் அடி நகர்வதற்குள் ஒரு கோழி நூறு கொத்து கொத்தும். இப்போது முப்பதோடு எழுந்துவிடுகிறது."

"பசி அடங்கிவிடுகிறதே!"

"அதுதான் சங்கதி! கோழி வயிறு நிறைவதற்காகத் தின்பதில்லை. உடலுக்கு வேண்டிய சூடும் தெம்பும் சேரும்வரைதான் தின்கிறது. கொப்பரையில் அது சீக்கிரம் சேர்ந்துவிடுகிறது. உடனே அலகை மூடிவிடுகிறீர்கள். முன்பு நூறு கொத்தில் கரையானும் கீரையும் கிளிஞ்சலும் சேர்ந்தே உள்ளே போயின. இப்போது முப்பதில் என்ன போகிறது?"

"கொழுப்புத்தான்," என்றது கருங்கொண்டை மெல்ல.

"ஓடு கட்டுவது எப்படி என்று எனக்குத் தெரியும். முதுகில் சுமக்கிறேனே! சுண்ணாம்பு இல்லாமல் ஓடு இல்லை. நீங்கள் அதைக் குளத்தில் தள்ளினீர்கள். ஆனாலும் தவிட்டி ஒரு நாள்கூட முட்டையிடாமல் இருக்கவில்லை. எதைக் கொண்டு ஓடு கட்டினாள்? தன் எலும்பைக் கரைத்துக் கட்டினாள்! மற்றவர்கள் இடையிடையே ஓய்ந்தீர்கள். அதனால் இன்னும் நிற்கிறீர்கள்."

கருங்கொண்டை தவிட்டியின் அருகில் உட்கார்ந்து, தன் சிறகை அதன்மேல் விரித்தது. "சோளமும் வேண்டாம், கொப்பரையும் வேண்டாம்! அத்தனையையும் குளத்தில் கொட்டுங்கள்!" என்று கத்தியது.

"போன முறையும் இப்படித்தான் குளத்தில் தள்ளினீர்கள் அக்கா!" என்றது நத்தை. "தெம்பு இல்லாமல் முட்டை எங்கிருந்து வரும்? சோளம் இருக்கட்டும். அதோடு புல்லரிசியைக் கலந்து பரப்புங்கள். கொத்துகள் கூடும். கரையானைத் தேடுங்கள். கிளிஞ்சலைப் பொழுது சாயும் வேளையில் வையுங்கள்; ஓடு உங்கள் வயிற்றுக்குள் இரவில்தான் கட்டப்படுகிறது. ஒன்று மட்டும்! காலி ஓடாகப் பொறுக்குங்கள். சிலவற்றில் இன்னும் குடியிருப்பவர்கள் உண்டு!"

அன்று குளத்தங்கரை கலகலத்தது. கோழிகள் மூக்குவரை நீரில் நனைந்து சேற்றிலிருந்து கிளிஞ்சல்களைக் கிளறி எடுத்தன. கருங்கொண்டை அவற்றைப் பாறையில் தட்டிச் சில்லாக்கியது. ஒவ்வொரு கிளிஞ்சலையும் தட்டுமுன் "உள்ளே யாராவது இருக்கிறீர்களா?" என்று ஒரு கோழி கேட்டது. மற்றவை சிரித்தன. தவிட்டி எழ முடியாததால், அதற்குரியதைக் கருங்கொண்டை தானே அலகில் ஏந்தி வந்து ஊட்டியது.

"பெரியக்கா, யாராவது பார்த்தால் சிரிப்பார்களே!" என்றது தவிட்டி.

"சிரிக்கட்டும். வாயைத் திற."

தவிட்டியின் முட்டை நின்றது. உடல் தன் எலும்பைச் சீர்செய்யத் தொடங்கியிருந்தது. மற்றக் கோழிகளின் முட்டைகளில் தோல் தடித்தது. பிறகு மெல்லிய ஓடு வந்தது. ஆனாலும் கீரியின் பிடியில் அது விரிசல் விட்டது. எட்டாம் நாளும் குட்டிகளுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. ஒன்பதாம் நாள் ஒரு முட்டை மேட்டின் உச்சிவரை சென்று அங்கே உடைந்தது.

பத்தாம் நாள் காலையில் கருங்கொண்டை ஒரு முட்டையை உருட்டிக்கொண்டு வாயிலுக்கு வந்தது. கீரி அதை எடுத்து அணைத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தது. கோழிகள் கழுத்தை நீட்டிப் பார்த்தன. கீரி மேட்டில் ஏறியது, இறங்கியது, கண்ணுக்கு மறைந்தது.

எதிர்க்கரையில் நரி எழுந்து சோம்பல் முறித்தது. "காவல்காரர் கிளம்பிவிட்டார் போலிருக்கிறதே!"

அப்போது மேட்டுக்கு அப்பாலிருந்து 'டொக்' என்று ஓர் ஓசை எழுந்தது. மீண்டும் 'டொக்'. கோழிகளுக்குக் கலக்கம் பிறந்தது. தவிட்டி மெல்ல எழுந்து, தள்ளாடி, இரண்டு கால்களிலும் நின்றது. அப்படியே நடந்து மேட்டின் உச்சிக்குப் போய் எட்டிப் பார்த்தது.

கீரி ஒரு பாறைக்கு முதுகைக் காட்டி நின்று, முட்டையைக் கால்களுக்கிடையே பின்னோக்கி எறிந்துகொண்டிருந்தது. முட்டை பாறையில் மோதித் துள்ளி உருண்டது. குட்டிகள் துரத்திப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தன. மூன்று முறை எறிந்தது என்று சொல்வோர் உண்டு. ஐந்து முறை என்று சொல்வோரும் உண்டு.

"என்ன தவிட்டி, இது முட்டையா, கூழாங்கல்லா?" என்று கீரி மூச்சிரைக்கக் கூவியது. "தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது!"

"இன்னும் ஓங்கி எறியுங்கள் அண்ணா!"

அடுத்த வீச்சில் முட்டை உடைந்தது. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மஞ்சள் கருவில் முகத்தைப் புதைத்தன. கீரி வாயைத் துடைத்துக்கொண்டு மேட்டில் ஏறி, பிடரி மயிர் சிலிர்க்க எதிர்க்கரையைப் பார்த்தது. நரி அன்றைய மூட்டையைக்கூட எடுக்காமல் காட்டுக்குள் ஓடியது.

பசி அடங்கியதாலேயே உடலுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று எண்ணுவோர் ஏமாறுவர். தம் உழைப்பு எவற்றையெல்லாம் கேட்கிறது என்று அறிந்து உண்போரே உறுதியாக நிற்பர்.