ஏழு தடுப்பணையும் ஒரு வேப்பங்கன்றும்

கருங்காட்டுப்பட்டி நீர்வடிப்பகுதித் திட்டத்தில் ஏழு தடுப்பணை கட்டியாகிவிட்டது என்று காகிதம் சொன்னது. ஓடையில் இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் விரிசல் விட்டது. மண்டல அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றதும் இன்ஜினியர் சதானந்தம் வாட்ச்மேன் மாசாணத்தைக் கூப்பிட்டார்.

"ஏழு அணையையும் காட்டிரணும். இல்லேன்னா நாளையில இருந்து வேலைக்கு வராதே."

"காட்டிருதேன்யா" என்றார் மாசாணம்.

முதல் அணையில் அதிகாரி வழக்கம்போல ஒரு வேப்பங்கன்றை நட்டார். பக்கத்தில் அவர் பெயர் எழுதிய பலகையை ஊன்றினார்கள். அதற்குள் வெயில் ஏறிவிட்டதால் பிறகு அவர் ஜீப்பைவிட்டு இறங்கவே இல்லை. மாசாணம் டிரைவருக்கு வழி சொல்லி, கரிசல் காட்டைச் சுற்றிச் சுற்றி அதே அணைக்கே கொண்டுவந்து நிறுத்தினார். அதிகாரி கண்ணாடியை இறக்காமலே ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டார்.

ஏழாவது கையெழுத்தும் விழுந்த பிறகு மாசாணம் ஜீப் கதவைத் திறந்தார். ஊரே கரையில் நின்றது.

"ஐயா கொஞ்சம் இறங்கணும். காலையில நீங்க நட்ட கன்னு வாடுது."

அதிகாரி பலகையில் தன் பெயரைப் பார்த்தார். இன்ஜினியர் தரையைப் பார்த்தார்.

மாசாணம் காலிக் குடத்தை நீட்டினார். "ஏழு அணைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிய. எதுலயாவது ஒரு குடம் மோந்து குடுங்க, ஊத்திருதேன்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த ஊருக்குக் குடிதண்ணீரே லாரியில்தான் வந்தது. அதிகாரி கதவைச் சாத்திக்கொண்டார்.

மாசாணத்துக்கு வேலை போனது. அடுத்த மாதம் வந்த ஆய்வறிக்கையில் ஏழு அணையும் அப்படியே இருந்தன. புதிதாக ஒரு வரி மட்டும் சேர்ந்திருந்தது: நடப்பட்ட வேப்பங்கன்றுகள், ஏழு.