தவிட்டுப்பட்டியில் பெருச்சாளி பிடித்த கதை

தவிட்டுப்பட்டிக்கு எப்படிப் போவது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களிடமே வழி கேட்டு, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தவன் நான். அங்கே மாசிலாமணி, அம்பலவாணன், குழந்தைவேலு என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூவருக்கும் மனசு தங்கம். மனசுக்கு மேலே இருக்கிற பகுதியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

மூத்தவன் மாசிலாமணிக்கு நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. காரணம் பெருச்சாளி. வீட்டுக் கொல்லை முழுக்கப் பொந்து. வீடு பார்க்க வந்த பெண் வீட்டார் ஒவ்வொருவரும் அதில் கால் பிசகி, நொண்டிக்கொண்டே திரும்பிப் போனார்கள். கடைசியில் கரட்டூர் சடையப்பர் பெண் கொடுக்க யோசிக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறார் என்று தரகர் சொன்னார். இதுவும் போனால் இனி தரகரே வரமாட்டார். பயந்துபோய், பெருச்சாளி பிடிக்கிற தங்கையாவுக்குப் போன் போட்டார்கள்.

"சனிக்கிழமை காலையில வர்றேன்," என்றார் தங்கையா. "அதுக்குள்ள கொல்லையைத் தயார் பண்ணி வைங்க. திங்கிற சாமான் எதுவும் அங்க இருக்கக் கூடாது. சத்தம் போடாதீங்க. எந்தப் பொந்து கண்ணுல பட்டாலும் மண்ணைப் போட்டு நல்லா மூடிடுங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் தோண்டக் கூடாது. காலையில எது திறந்திருக்கோ, அதுல இருந்து வர்றதுதான் பெருச்சாளி. பிடிச்சு ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுடறேன்."

தங்கையா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சொன்ன இடம்தான் சரியில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வேலை ஆரம்பமானது. முருங்கை மரத்தைப் பார்த்து அம்பலவாணன் திடுக்கிட்டான். "அண்ணே, இது திங்கிற சாமான்." ஒரு காய் விடாமல் பறித்துக் குழம்பு வைத்தார்கள்.

"கோழி?" என்றான் குழந்தைவேலு.

"கோழியும் நாம திங்கிறதுதானே?"

கோழிகளைப் பிடித்து மாசிலாமணியின் கட்டில் காலில் கட்டினார்கள். பிறகு கண்ணில் பட்ட பொந்தையெல்லாம் மூடினார்கள்.

சாயங்காலம் யாரும் எதிர்பாராமல் சடையப்பர் வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை அஷ்டமி என்று பஞ்சாங்கத்தில் பார்த்து, இன்றே வந்துவிட்டாராம். மூவரும் வாயில் விரலை வைத்துக்கொண்டு கும்பிட்டார்கள்.

"சத்தம் கூடாதுங்க. கொல்லையில பெருச்சாளி இருக்கு," என்று மாசிலாமணி கிசுகிசுத்தான்.

"அப்படியா?" என்று சடையப்பரும் கிசுகிசுத்தார். கிணற்றைப் பார்க்கலாம் என்று கொல்லைக்குள் நடந்தார். விட்டுப்போன ஒரு பொந்துக்குள் முழங்கால் வரை இறங்கிவிட்டது அவர் கால். உருவிப் பார்த்தார், வரவில்லை.

"அண்ணே, ஒரு பொந்து கண்ணுல பட்டுடுச்சு," என்றான் குழந்தைவேலு.

"அதுல மாமனார் கால் இருக்குடா."

"கால் இருந்தா மூடாதீங்கன்னு சொன்னாரா?"

மூவரும் நெடுநேரம் யோசித்தார்கள். சொல்லவில்லைதான். மண்ணைப் போட்டு, தண்ணீர் தெளித்து, நன்றாக மிதித்தார்கள். இந்தச் சம்பந்தமும் போச்சே என்று மாசிலாமணி அழுதுகொண்டே மிதித்தான்.

"யாரு தம்பி மூடச் சொன்னது?" என்று கேட்டார் சடையப்பர்.

"பெருச்சாளி பிடிக்கிறவருங்க. காலையில அவர் வர்ற வரைக்கும் தோண்டக் கூடாதாம்."

சடையப்பர் தாடையைத் தடவினார். "அப்ப தோண்டாதீங்க. தொழில் தெரிஞ்சவர் சொல்றதைக் கேக்கணும். சொன்னதைச் சொன்னபடி செய்யிற இப்படி ஒரு மாப்பிள்ளையைத்தான் நானும் தேடிக்கிட்டிருந்தேன்!"

அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். மாமனார் சாப்பிட முருங்கைக்காய்க் குழம்பும் சோறும் வந்தன. கொல்லையில் தின்கிற சாமான் கூடாது என்பது நல்லவேளையாக ஞாபகம் வரவே, பின்வாசல் படியில் நின்று நீளக் கரண்டியால் ஊட்டிவிட்டார்கள்.

காலையில் தங்கையா கூண்டோடு வந்தார்.

"எந்தப் பொந்தாவது திறந்திருக்கா?"

"ஒன்னுகூட இல்லைங்க."

"அங்க மண்ணுல உக்காந்திருக்கிறது யாரு?"

"எங்க மாமனாருங்க."

தங்கையா பதறிப்போய் மண்வெட்டியை வாங்கிச் சுற்றிலும் தோண்டி, சடையப்பரின் கையைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். சடையப்பர் வெளியே வந்தார். அவர் இருந்த இடத்தில் பெரிய பொந்து. மூவரும் பொந்தைப் பார்த்தார்கள். பிறகு சடையப்பரைப் பார்த்தார்கள்.

"காலையில திறந்தது இது ஒன்னுதான்," என்றான் அம்பலவாணன்.

"அதுல இருந்து வந்தது இவர்தான்," என்றான் குழந்தைவேலு.

மாசிலாமணி ஓடிப்போய்த் தங்கையாவின் காலில் விழுந்தான். "ஐயா, இவரை இப்பவே ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயிடாதீங்க! என் கல்யாணம் முடியிற வரைக்குமாவது விட்டு வைங்க!"

சடையப்பர் காலில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, மாப்பிள்ளையைத் தூக்கி நிறுத்தினார்.

"அழாதீங்க மாப்பிள்ளை. பொண்ணை உங்க கையில பிடிச்சுக் கொடுத்துட்டு நானே வந்து ஏறிக்கிறேன்," என்றவர், கூண்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தங்கையாவிடம் கேட்டார்:

"கூட என் சம்சாரமும் வருவா. இதைவிடக் கொஞ்சம் பெருசா இருக்குமா?"