கிணற்றடி மனோரஞ்சிதம்

"டீச்சர், அந்தச் செடி என்னைப் பழிவாங்குது" என்றார் தணிகாசலம்.

ஜெயசீலி டீச்சர் தொட்டிக்கு மண் கலந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எந்தச் செடி?"

"மனோரஞ்சிதம். இலையெல்லாம் கொட்டிப்போச்சு. ரெண்டே ரெண்டு மிச்சம். அதுவும் இருக்கலாமா, கிளம்பலாமான்னு யோசிச்சுக்கிட்டு நிக்குது."

வீட்டுத் தோட்டம் போடக் கற்றுக்கொடுக்கிற ஜெயசீலிக்கு, தணிகாசலத்தின் மூத்த மகள் வயதுகூட ஆகியிருக்காது. அவளுடைய ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மூத்த சீடர் அவர்தான். வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மண்ணில் கை வைக்கிற வகுப்புக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வருகிற ஒரே ஆளும் அவர்தான்.

"தண்ணி?"

"பதமாத்தான் ஊத்துறேன்."

"எரு?"

"நீங்க சொன்னதுதான்."

"தண்டைக் கீறிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். உள்ளே பச்சை இருக்கு."

"அப்ப உயிர் இருக்கு. வெயில் எப்படி?"

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவர் மாதிரி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"அதைச் சொல்லுங்க. முதல்ல வாசல்ல இருந்துச்சு. வெள்ளைப் பூவா ஒரு தோட்டம் போட்டா நிலா வெளிச்சத்துல கண்ணைப் பறிக்கும்னு போன்ல பார்த்தேன். நந்தியாவட்டை, குண்டுமல்லி, எல்லாம் வந்துது. மனோரஞ்சிதம் மஞ்சளால்ல பூக்கும்? ஒட்டாது. பின்பக்கம் கொண்டுபோனேன். அங்கே கல்லு பதிச்சு நடைபாதை போட்டேன். சரியா வளையுற இடத்துல இது நின்னுச்சு. எடுத்துச் சுவரோரம் வச்சேன். அப்புறம் சுவர் முழுக்கத் தொங்குதொட்டி மாட்டிட்டேன். இப்ப கிணத்தடியில இருக்கு."

"பிடுங்கிப் பிடுங்கியா?"

"சேச்சே. வேரோட, மண்ணோட, பக்குவமாத்தான்."

செடிக்கு வாய் இருந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு செருமல் செருமியிருக்கும்.

"வீட்டுல அம்மா என்ன சொல்றாங்க?"

தணிகாசலம் சட்டைப் பொத்தானைத் தடவினார்.

"வேதவல்லி பேசியே பல நாளாச்சு. காபி வருது. டம்ளர் வைக்கிற சத்தம் மட்டும் கேக்குது. அது அவ வச்ச செடி, டீச்சர். சொந்த வீட்டுக்குக் குடிவந்த அன்னைக்கே, பால் காய்ச்சின கையோட நட்டா. அது போச்சுன்னா..."

கலந்து வைத்திருந்த மண்ணில் ஒரு பிடி அள்ளி, மறுபடி அங்கேயே போட்டார்.

"ஏதாவது வழி சொல்லுங்க. அது பொழைச்சாத்தான் நான் பொழைப்பேன்."

"சாப்பிட்டுப் பேசலாம், சார்."

வகுப்பு முடிந்து மற்றவர்கள் போயிருந்தார்கள். தன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து இலை போட்டாள். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல். தணிகாசலம் காலையிலிருந்து பட்டினி. பிசைந்து முதல் வாய் எடுத்தார்.

"சார், இங்கே வேண்டாம். ஜன்னலோரம் உக்காருங்க. உங்க சட்டைக்கு அந்த வெளிச்சம் எடுப்பா இருக்கும்."

இலையை இரண்டு கையாலும் ஏந்தி அவளே கொண்டுபோய் வைத்தாள். உபசாரம் என்று நினைத்து அவரும் எழுந்து போனார்.

உட்கார்ந்தார். பிசைந்தார்.

"அடடா. பின்னாடி பச்சைச் சுவர். இலையும் பச்சை. எடுபடலை பாருங்க. கதவுகிட்டப் போயிருவோம்."

பருப்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. தணிகாசலம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கதவருகே உட்கார்ந்தார்.

ரசம் ஊற்றினாள்.

"நடக்கிற வழியில்ல இது? சரியா வளையுற இடத்துல உக்காந்துட்டீங்களே, சார்."

இலை மறுபடி எழுந்தது. ரசம் அதோடு வரவில்லை. தரையில் தனக்குப் பிடித்த வழியில் ஓடி, வாசல்படியில் போய் நின்றது.

தணிகாசலம் எச்சில் கையோடு நின்றார்.

"டீச்சர், ஒரு வாய் சாப்பிட விடுவீங்களா, மாட்டீங்களா?"

ஜெயசீலி முகத்தைத் தூக்கினாள். இல்லாத மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். அவள் தொண்டையிலிருந்து தணிகாசலத்தின் குரல், அவருடைய மூக்கடைப்போடு வந்தது.

"வேரோட, மண்ணோட, பக்குவமாத்தானே தூக்கினேன்?"

அவருக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"புரிஞ்சுது, டீச்சர். இனிமே அதைத் தொட மாட்டேன்."

"புரிஞ்சது பாதி. உக்காருங்க."

புது இலை போட்டாள். பசிக்குச் சாப்பிட்டார். பாதிச் சாப்பாட்டில் அவள் கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி எங்கெங்கே இருந்தீங்க, சார்?"

"கேக்காதீங்க. விருத்தாசலம், அரூர், பரமக்குடி, நடுவுல நாகர்கோவில். கொஞ்சம் காலை நீட்டினா டிரான்ஸ்பர் வந்துரும். அது என் ராசி."

"அங்கெல்லாம் அம்மா ஏதாவது செடி வச்சாங்களா?"

"மனோரஞ்சிதம்தான். சாமான் பிரிக்கிறதுக்கு முன்னாடி கடப்பாரையைத் தேடுவா."

"பூத்துச்சா?"

"பேஷா. எல்லா ஊர்லயும் பூத்துச்சு. அது பூக்க வருஷக்கணக்கா ஆகும் இல்லையா, நாங்க கிளம்பி வந்த பிறகு பூக்கும். பக்கத்து வீட்டுக்காரங்க போன் பண்ணிச் சொல்வாங்க, 'உங்க செடி பூத்திருச்சு, தெருவே மணக்குது'ன்னு. வேதவல்லி போனைக் கையில வச்சுக்கிட்டு..."

சிரித்துக்கொண்டேதான் சொல்லிவந்தார்.

சோற்றுக்குப் போன கை இலையிலேயே நின்றது.

ஜெயசீலி மோர் ஊற்றினாள்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் வெள்ளைத் தோட்டம் அழகாகத்தான் இருந்தது. தணிகாசலம் அதைத் தாண்டி, தொங்குதொட்டிகளைத் தாண்டி, பின்பக்கம் போனார்.

கிணற்றடியில் வேதவல்லி இருந்தாள். நான்கு குச்சி நட்டு, பழைய புடவையைக் கிழித்து மனோரஞ்சிதத்துக்கு நிழல் கட்டிக்கொண்டிருந்தாள். குச்சி ஒன்று சாய்ந்தது. அவர் குனிந்து பிடித்துக்கொண்டார். அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை; முடிச்சை மட்டும் இறுக்கினாள்.

"வேதா, இது எங்கே இருக்கணும்? நீ சொல்லு."

முடிச்சு விழுந்தது. இன்னொரு முடிச்சும் விழுந்தது.

"இங்கேயே இருக்கட்டும்."

இத்தனை நாள் கழித்துக் கேட்ட குரல். தணிகாசலம் குச்சியை விடவில்லை. ஆனாலும் பழக்கம் விடுமா, வாய் முந்திக்கொண்டது.

"கிணத்து மறைவுல பூத்தா, வர்றவங்க போறவங்க யாருக்கும் தெரியாதே?"

வேதவல்லி வாளியைக் கிணற்றில் இறக்கினாள்.

"எனக்குத் தெரியும்ல."