ஆறே முக்கால் குதிரை

குழந்தைகளே, முதலில் ஒரு விடுகதை. நாலு பேர் சேர்ந்து பல்லக்குத் தூக்கக் கிளம்பினார்கள். மூன்று பேருக்கு வியர்த்துக் கொட்டியது. நாலாமவன் கைவீசிக்கொண்டு கூடவே நடந்தான். ஊர் சேர்ந்ததும் நாலு பேருக்கும் ஒரே பாராட்டு. அது என்ன? தெரிந்தவர்கள் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருங்கள்.

பாய்மரக் கப்பல்கள் வந்துபோன காலத்தில், பவழத்துறை என்ற சின்ன நாட்டை வீரகண்டராசா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் எதையும் எண்ணில் சொன்னால்தான் நம்புவார். "பசிக்கிறது" என்று யாராவது சொன்னால், "எத்தனை பசிக்கிறது?" என்று கேட்பார்.

ஒருநாள் துறைமுகத்துக்கு வந்த ஆங்கிலக் கப்பலில் திசைகாட்டி காணாமல்போனது. கப்பல் தலைவன் படகோட்டி ஆறுமுகத்தைப் பிடித்து, "நீ அதை எடுக்கவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். 'ஆமாம், எடுக்கவில்லை' என்று நாம் சொல்வோம் அல்லவா? ஆறுமுகமும் அப்படி நினைத்துக்கொண்டு, கேட்டால் ஓரளவு புரிந்தாலும் தனக்குப் பேசத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல்லைச் சொன்னார்: "எஸ்." அவர்கள் ஊரில் அதற்குப் பொருள், 'எடுத்தேன்'. உடனே விலங்கு மாட்டினார்கள்.

"நாளை உச்சிப்பொழுதுக்குள் இரண்டு மொழியும் பேசி விளக்கிச் சொல்ல ஆங்கிலம் தெரிந்த ஒரு துபாஷியை அரசர் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் இவனை லண்டனுக்குக் கொண்டுபோவோம்" என்றான் தலைவன்.

இதைக் கேட்டுவந்து அரசவையில் தமிழில் சொன்னவள் ஆறுமுகத்தின் மகள் செம்பவளம். வயது பதினொன்று. கப்பல் கப்பலாக இளநீர் விற்று, அந்த மொழியைப் பிடித்துக்கொண்டவள். அவள் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, நம் நாட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் யார்?" என்று அரசவை யோசிக்க ஆரம்பித்தது.

"நான் போகிறேன், அரசே" என்றாள் செம்பவளம்.

கல்வி அதிகாரி கனகசபேசர் சிரித்தார். "தெரியும் என்பவரெல்லாம் தெரிந்தவரா, அம்மா? தேர்வு வைப்போம். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல். ஒவ்வொன்றுக்கும் ஒன்பது மதிப்பெண். நாலையும் கூட்டி நாலால் வகுப்போம். கால் வந்தால் அரையாக்குவோம். முக்கால் வந்தால் முழுதாக்குவோம். ஏழு எடுத்தவர் துபாஷி."

எண்கள் வந்ததும் அரசருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அமைச்சர் மாதவராயர் மட்டும், "போகிற வேலை பேசுகிற வேலை ஆயிற்றே" என்றார்.

"அமைச்சருக்குக் கணக்கு வராது போலிருக்கிறது" என்றார் கனகசபேசர். மாதவராயரின் ஆசனம் தன் ஆசனத்தைவிட ஒரு சாண் உயரம் என்பது அவருக்குப் பல வருடக் குறை.

இரண்டே பேர் தேர்வு எழுதினார்கள். ஒருத்தி செம்பவளம். மற்றவன் கனகசபேசரின் மருமகன் அரங்கநாதன். மாலையில் முடிவு வாசிக்கப்பட்டது.

"அரங்கநாதன். கேட்டல் ஒன்பது, படித்தல் ஒன்பது, எழுதுதல் ஒன்பது, பேசுதல் பூஜ்யம்."

"பூஜ்யமா?" என்றார் அரசர்.

"வாய் திறக்கவில்லை, அரசே. ஆனால் மிகவும் இலக்கணமாகத் திறக்காமல் இருந்தான். சராசரி ஆறே முக்கால். முழுதாக்கினால் ஏழு."

இப்போது விடுகதையின் விடை தெரிந்திருக்கும். சராசரிதான்.

"செம்பவளம். கேட்டல் ஒன்பது, பேசுதல் ஒன்பது, படித்தல் நாலு, எழுதுதல் நாலு. கப்பல் தலைவனுக்கு இருநூற்றைம்பது சொல்லில் கடிதம் கேட்டோம். 'என் அப்பாவை விடுங்கள்' என்பதை ஆங்கிலத்தில் நாலே சொல்லில் எழுதியிருக்கிறாள். சராசரி ஆறரை."

"இன்னும் எதை எழுதுவது, ஐயா?" என்றாள் அவள்.

"அரங்கநாதன் பருவநிலை பற்றி எழுதினான்" என்றார் கனகசபேசர்.

மறுநாள் காலை அரங்கநாதன் புதுத் தலைப்பாகையுடன் வந்து நின்றான். வழியனுப்பத் துறைமுகம் போக அரசர் குதிரை கேட்டார். மாதவராயரே ஒன்றைப் பிடித்துவந்தார். அரசர் ஏறினார். குதிரை நாலடி போனது. பிறகு மெதுவாக உட்கார்ந்துவிட்டது.

"என்ன குதிரை இது?" என்றார் அரசர், மண்ணைத் தட்டிக்கொண்டே.

"தேர்ச்சி பெற்ற குதிரை, அரசே." மாதவராயர் ஓர் ஓலையை விரித்தார். "முன்வலது கால் ஒன்பது. முன்னிடது கால் ஒன்பது. பின்வலது கால் ஒன்பது. பின்னிடது காலில் போன வாரம் லாட ஆணி குத்திவிட்டது, அதனால் பூஜ்யம். சராசரி ஆறே முக்கால்."

"முக்காலா? குதிரைக்கு நாலு கால் வேண்டாமா, ஐயா?"

"அந்த முக்காலைத்தான் நேற்று முழுதாக்கினோமே, அரசே."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அரங்கநாதன் மட்டும் வாய் திறக்கவில்லை. ஆனால் அதை யாரும் புதிதாகக் கவனிக்கவில்லை.

அரசர் குதிரையைப் பார்த்தார். அரங்கநாதனைப் பார்த்தார். "கனகசபேசரே, கப்பலில் எழுதப் போகிறோமா, பேசப் போகிறோமா?"

"பேசத்தான், அரசே. ஆனால் விதி..."

"அந்த விதியை நீர் இந்தக் குதிரைக்குப் படித்துக்காட்டும். கால் ஆறும்வரை லாயத்தில் இருந்து ஒத்தடமும் கொடும். செம்பவளமே கப்பலுக்குப் போகட்டும்."

செம்பவளம் அதற்குள் படகில் ஏறியிருந்தாள். கப்பலில் தலைவனிடம், "அப்பா 'எஸ்' என்றது, 'நீங்கள் சொல்வது சரி, எடுக்கவில்லை' என்று அர்த்தம். எங்கள் ஊரில் அப்படித்தான். உங்கள் அறையை ஒருமுறை தேடுங்கள், ஐயா" என்றாள். திசைகாட்டி தலைவனின் படுக்கைக்கு அடியில் கிடந்தது. விலங்கு கழன்றது.

அன்று மாலை அரசர் அப்பாவையும் மகளையும் லாயத்தை ஒட்டிய அரண்மனை முற்றத்துக்கு அழைத்து, இரண்டு தட்டுகளை நீட்டினார். ஒன்றில், ஒன்பதுக்கு ஒன்பது என்று அரச முத்திரையிட்ட சான்றோலை.

"இது இரண்டு ஆண்டுகள் செல்லும்" என்று கனகசபேசர் லாயத்து வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

"அதற்கப்புறம் ஆங்கிலம் மறந்துவிடுமா, ஐயா?" என்று கேட்டாள் செம்பவளம். கனகசபேசர் குதிரைக்கு ஒத்தடம் கொடுக்க உள்ளே போய்விட்டார்.

மற்றத் தட்டில் துபாஷி வேலைக்கான மோதிரம் இருந்தது. ஏதாவது ஒன்றுதான் எடுக்கலாம் என்றார் அரசர்.

செம்பவளம் மோதிரத்தை எடுத்தாள். அது பெரிதாக இருந்ததால் கட்டைவிரலில் போட்டுக்கொண்டாள்.