ஐந்து பாட்டில், ஒரு வாளி

டாக்டர் பிலோமினாவுக்கு வயது முப்பத்தொன்பது. அவரிடம் பாடம் கேட்க வந்த குற்றாலலிங்கத்துக்கு ஐம்பத்திரண்டு. அவர் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். பிலோமினா அவரை ‘சார்’ என்பார். அவர் பிலோமினாவை ‘மேடம்’ என்பார். இருவரில் யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருபவர்களுக்குச் சட்டென்று தெரியாது.

குளத்து நீரில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் மிதக்கின்றன. அவற்றை நுண்ணோக்கியில் வைத்து எண்ணுவது பிலோமினாவின் வேலை. சில காலங்களில் பாசி மளமளவென்று பெருகும். தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்தது போலாகிவிடும். அந்தப் பாசிகளில் சில நஞ்சு உள்ளவை.

ஆடி மாதத்தில் ஒருநாள் குற்றாலலிங்கம் கையில் ஒரு பாட்டிலோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்.

“மேடம், சேந்தன்குளத்தில் பதினோரு ஆடு செத்துப்போச்சு.”

“எந்தக் கரையில்?”

“கிழக்குக் கரையில். தண்ணி குடிச்ச அன்னைக்கே.”

“அந்தத் தண்ணியைக் குடிக்கலாம்னு பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்தது யாரு?”

“நான்தான். இதுதான் நான் எண்ணின தண்ணி. நீங்க ஒரு தடவை எண்ணிப் பாருங்க. என் கணக்கில் எங்கேயோ பிழை இருக்கு.”

பாட்டிலில் அயோடின் விட்டிருந்தது. பாசிகள் செத்து அடியில் படிந்திருந்தன. பிலோமினா பாட்டிலை மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கினார். ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்தார். ஒன்றரை மணி நேரம் எண்ணினார். குற்றாலலிங்கம் உட்காராமல் நின்றார்.

“எனக்கு நாலு குறைவா வருது. உங்க கணக்கு சரிதான் சார்.”

“அபாய அளவுக்குக் கீழேதானே?”

“ரொம்பக் கீழே.”

“அப்போ ஆடுங்க ஏன் செத்துச்சு?”

பிலோமினா எழுந்து கை கழுவினார்.

“வாங்க, மோர் குடிப்போம்.”

பக்கத்து அறையில் ஐந்து டம்ளர்களில் மோர் ஊற்றினார். அவர்கள் இருவர், ஆய்வு மாணவிகள் இருவர், உதவியாளர் அருள்மணி. பிலோமினா எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தார். குற்றாலலிங்கம் ஒரு வாய் குடித்தார். ஜன்னலுக்கு ஓடிப்போய்த் துப்பினார்.

அருள்மணி தன் டம்ளரை எட்டிப் பார்த்தார். “என் மோரில் உப்பே இல்லையே மேடம். நான் என்ன பத்தியமா இருக்கேன்?”

“அஞ்சு டம்ளர். அஞ்சு கரண்டி உப்பு,” என்றார் பிலோமினா. “டம்ளருக்கு ஒரு கரண்டி. கணக்கு சரிதானே சார்?”

குற்றாலலிங்கம் வாயைத் துடைத்தார். தன் டம்ளரையும் அருள்மணியின் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆடிக் காத்து,” என்றார்.

“ம்.”

“மேற்கே இருந்து அடிக்குது. பாசி பூரா கிழக்கே போய் ஒதுங்கும்.”

“நீங்க எங்கே எடுத்தீங்க?”

“அஞ்சு இடத்தில். கிழக்கிலும் எடுத்தேன் மேடம். ஏமாத்தலை.”

“எடுத்து?”

“அஞ்சு பாட்டிலையும் ஒரே வாளியில் ஊத்திக் கலக்கினேன். அதிலிருந்து ஒரு பாட்டில் எடுத்து எண்ணினேன்.”

“கிழக்குப் பாட்டிலில் ஏதாவது மிச்சம்?”

“கழுவிட்டேன்.”

திடீரென்று குற்றாலலிங்கத்துக்குக் கோபம் வந்தது.

“கலக்கச் சொன்னது நீங்கதான். உங்க கையேட்டில் பதினேழாம் பக்கம். ‘ஐந்து இடங்களில் எடுத்து நன்றாகக் கலக்கவும்.’ ‘நன்றாக’ என்கிற சொல்லுக்குக் கீழே கோடுகூடப் போட்டிருக்கீங்க.”

பிலோமினா ஜீப் சாவியை எடுத்தார்.

சேந்தன்குளத்தின் மேற்குக் கரையில் ஊர் இருக்கிறது. படித்துறை இருக்கிறது. கிழக்குக் கரையில் நாற்பது வீடுகள் மட்டும். அங்கே குழாய் கிடையாது.

கிழக்குக் கரையில் தண்ணீர் தோசைமாவு போலக் கெட்டியாகக் கிடந்தது. மாவு வெள்ளை, இது பச்சை. அழுகிய வைக்கோல் நாற்றம் அடித்தது. பிலோமினா ஒரு கல்லை எறிந்தார். சத்தமே வரவில்லை.

பேச்சித்தாய் என்ற பெண் குடத்தோடு கரை இறங்கி வந்தாள். இடது கையால் பாசியை விலக்கிக் குடத்தைச் சாய்த்தாள்.

“மொள்ளாதீங்க!” என்று குற்றாலலிங்கம் ஓடினார்.

“ஏன்? குடிக்கலாம்னுதான காயிதம் மாட்டிருக்கு.”

கரையில் இருந்த வேப்பமரத்தைக் காட்டினாள். பிளாஸ்டிக் உறைக்குள் குற்றாலலிங்கத்தின் சான்றிதழ் ஆணியில் தொங்கியது.

“ஏம்மா, கண்ணுக்கு முன்னால இவ்வளவு பச்சையா கிடக்கே. இது கெட்ட தண்ணின்னு உங்களுக்கே தெரியலையா?” என்றார் குற்றாலலிங்கம்.

“தெரியாம என்ன? எங்களுக்குக் கண்ணு இல்லையா? காயிதம் வர்றதுக்கு முன்னால மேக்குக் கரைக்கு நடந்து போய்த்தான் மொண்டோம். ஒன்றரை மைலு. இங்க மொண்டா ஆகாதுன்னு புள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.”

“அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?”

“நாங்க எங்க நிறுத்துனோம்? காயிதம் வந்த மறுநாளு படித்துறையில நாலு பேரு நின்னாக. ‘உங்க கரைத் தண்ணியும் நல்ல தண்ணிதான்னு படிச்சவரே எழுதிட்டாருலா. இனி இங்க என்ன சோலி?’ன்னாக. வெறுங்குடத்தோட திரும்பினோம்.”

பிலோமினா கேட்டார்.

“செத்த ஆடு யாரோடது?”

“எனக்கு ஏழு. அடுத்த வீட்டுக்கு நாலு. ஆடு போனாப் போவுது. எம் மக பெரியாஸ்பத்திரியில கிடக்கா. கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. அவ அப்பாதான் கூட இருக்காரு.”

“எத்தனை வயசு?”

“ஒம்பது. எழுத்துக்கூட்டி வாசிப்பா. அந்தக் காயிதத்தை எங்களுக்கு வாசிச்சுக் காட்டுனதே அவதான்.”

“அதில் கையெழுத்துப் போட்டது நான்தாம்மா,” என்றார் குற்றாலலிங்கம்.

பேச்சித்தாய் அவரை மேலும் கீழும் பார்த்தாள். தலையில் பாதி நரை. மூக்கில் கண்ணாடி.

“நீங்களா? இவ்வளவு வயசாளியா இருக்கீகளே. யாரோ சின்னப் பையன் தெரியாமப் போட்டுருப்பான்னு நெனச்சேன்.”

அவர் வேப்பமரத்துக்குப் போனார். காகிதத்தை உறையிலிருந்து உருவினார். அதன் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதினார்: ‘கிழக்குக் கரைத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. முன்னால் எழுதியது தவறு.’ பெயரும் தேதியும் போட்டார். பேனா இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்தது.

“இதைக் காட்டினா மேற்கே விடுவாங்க,” என்றார்.

“மொத காயிதத்தை ஒரே நாளுல நம்புனாக. இதை எத்தனை நாளுல நம்புறாகன்னு பாப்போம்.”

“நானே வந்து சொல்றேன்.”

“வாங்க. வெறுங்கையோட வராதீக. வீட்டுல இன்னும் ரெண்டு குடம் இருக்கு.”

மூவரும் குளத்தங்கரை மேல் நடந்தார்கள். பேச்சித்தாய் வேகமாக முன்னால் போனாள். குற்றாலலிங்கத்தின் தோளில் ஒரு குடம். பிலோமினாவின் இடுப்பில் ஒரு குடம். காற்று எதிரே அடித்தது. வலது பக்கத்தில், நடக்க நடக்க, தண்ணீர் பச்சை குறைந்து தெளிந்துகொண்டே வந்தது. தூரத்தில் மேற்குப் படித்துறை தெரிந்தது. இவர்களைப் பார்த்துவிட்டு அங்கே நாலு பேர் எழுந்து நின்றார்கள்.

குற்றாலலிங்கம் நடையைக் குறைத்தார்.

“மேடம், ஒண்ணு கேட்கிறேன். கோபத்தில் கேட்கலை.”

“கேளுங்க.”

“பதினாலு வருஷம் இந்தக் குளத்தில் வேலை பார்த்திருக்கீங்க. ஆடிக் காத்து உங்களுக்குத் தெரியாததில்லை. பாசி எங்கே ஒதுங்கும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான். அப்புறம் ஏன் கலக்கச் சொல்லி எழுதினீங்க?”

பிலோமினா குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டார். பத்தடி நடந்தார்.

“அந்தப் பதினாலு வருஷமும் எனக்குத் தாகம் எடுத்தப்போ, மேற்குப் படித்துறையில்தான் சார் தண்ணி குடிச்சேன்.”