பிள்ளை நிமிர்ந்து பார்க்க

பேச்சிமுத்து அண்ணாச்சி நாற்பத்தைந்து வயதில் இங்கிலீஷ் வகுப்பில் போய்ச் சேர்ந்தது மகளுக்காகத்தான். தாயில்லாப் பிள்ளை. பெங்களூரில் பெரியம்மா வீட்டில் வளர்ந்து, இப்போதுதான் பாளையங்கோட்டைக்கு அப்பாவிடம் வந்திருந்தாள். பேசுவதெல்லாம் இங்கிலீஷ். அதையும் அப்பாவிடம் பேசவில்லை. அவர் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதுதான் அவர் நெஞ்சை அறுத்தது.

வகுப்பெடுத்த எஸ்தர் டீச்சருக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். அன்றைக்கு அவள் போர்டில் எழுதியது, ‘கேட்ச் சம்படீஸ் ஐ’.

“ஒருத்தர் பார்வை நம்ம பக்கம் திரும்புற மாதிரி செய்யுறது. ஓட்டல்ல சப்ளையர் கண்ணுல படணும்னு கை காட்டுதோம்லா, அதுக்கும் இதான்,” என்றாள்.

வகுப்பு கலைந்த பிறகும் அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை.

“அர்த்தம் வெளங்கிட்டு டீச்சர். செய்யது எப்படி? பொம்மை வாங்கிக் குடுத்தாச்சு. செவப்புச் சட்டை போட்டுப் பாத்தாச்சு. குட்டிக்கரணம் ஒண்ணுதான் பாக்கி. புள்ள நிமிந்து பாக்க மாட்டேங்கா.”



“நாளைக்குக் கூட்டிட்டு வாங்க,” என்றாள் எஸ்தர்.

மறுநாள் மகள் தாரிகா அவரோடு வந்தாள். வந்தவள் நேரே ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

“டீச்சருக்கு குட் ஈவினிங் சொல்லும்மா,” என்று ஆரம்பித்த அண்ணாச்சியை எஸ்தர் கையமர்த்தினாள். பிள்ளையின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, பிள்ளை பார்த்த திக்கிலேயே தானும் பார்த்தாள். வெளியே சன்ஷேடில் கிடந்த பழைய சாக்கிலிருந்து ஓர் அணில் நார் பிய்த்துக்கொண்டிருந்தது.

அண்ணாச்சிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வழி சொல்லுவாள் என்று பார்த்தால் இவளும் சேர்ந்து வேடிக்கை பார்க்கிறாளே என்றிருந்தது.

அணில் நாரை வாயில் உருட்டிக்கொண்டு வேப்பமரத்துக்குத் தாவியது. சட்டென்று தாரிகா திரும்பி, நீங்களும் பார்த்தீர்களா என்பதுபோல எஸ்தரின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

எஸ்தர் எழுந்து, தான் இருந்த இடத்தை அண்ணாச்சிக்குக் காட்டினாள்.

அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். அணில் மறுபடி வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னத் தோள் அவர் கையில் வந்து சாய்ந்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அசையாமல் கழுத்தை மட்டும் எஸ்தர் பக்கம் மெல்லத் திருப்பினார்.

“டீச்சர்,” என்றார், சத்தமே வராமல். “புள்ள என்னையப் பாக்காளா?”

“அத நான் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி,” என்றாள் எஸ்தர். “நீங்க அணிலப் பாருங்க.”